கூறு போடுகிறவன் கடைசிக் கூறை எடுக்கட்டும்

அன்பு மகள் ஜானிசுக்கு,

போன ஞாயிறு பூசை முடிந்ததும், தேர்தல் தொகுதி எல்லையை மாற்றுவதை எதிர்க்கும் ஆட்சேபத் தாளில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதிலிருந்து எனக்குப் பயம்தான். அம்மா சுகம், நானும் சுகமென்றே சொல்ல வேண்டும். அயர்லாந்துக் குளிரில் நீ இருமாமல் இருக்க ஆண்டவர் காக்கட்டும்.

விஷயம் இதுதான். புதிய வரைபடத்தில் நம் தாமான் வீடுகளுக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவே ஓடும் லோங்காங் சாக்கடை மேலேயே கோடு விழுந்திருக்கிறது. நாம் இந்தத் தொகுதியிலேயே இருப்போம், எஸ்டேட் லயத்து ஆட்கள் பக்கத்துப் பெரிய தொகுதிக்குப் போவார்கள். இங்கே அவர்கள் ஓட்டுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது, அதனால்தான் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. அந்தப் பெரிய தொகுதிக் கூட்டத்தில் கலந்துவிட்டால் இவர்களை யார் திரும்பிப் பார்ப்பார்? என் கருவாட்டை வாங்கி என்னை ஆளாக்கியவர்களே அவர்கள்தானே. ஆட்சேபிக்க நூறு வாக்காளர் வேண்டும் என்று டயர் கடை சிவநேசன் அலைந்தான், நூறாவது ஆள் நான்.

மறுநாளே கட்சிக் கிளைத் தலைவன் யோகேந்திரன் பசாரில் என் ஸ்டாலுக்கு வந்து நெத்திலியைக் கிளறிக்கொண்டே, அங்கிள், இது பெரிய ஆளுங்க வெளையாட்டுலா, பேர எடுத்துடுங்க, லைசென்ஸ் வேற புதுப்பிக்கணும்ல என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். தம்பி, கோலா கெடா மீன் துறையில நாங்க நாலு பேர் சேர்ந்து மீன் எடுத்தா கூறு போடுறவன் கடைசிக் கூறத்தான் எடுப்பான், அப்பத்தான் கூறு சமமா விழும், உங்க எல்லைக் கோட்டப் போட்டவங்க கடைசியா எடுப்பாங்களா என்று கேட்டுவிட்டேன். மீனும் ஓட்டும் ஒண்ணா அங்கிள் என்று சிரித்தான், ஆனால் எப்போதும் வாங்கும் நெத்திலியை வாங்காமலே போய்விட்டான்.

பேரை எடுத்துடுங்க, ஸ்டால் போனா இந்த வயசுல எங்க போவோம் என்று அம்மா அழுகிறாள். நான் எடுத்தால் தொண்ணூற்றொன்பது, ஆட்சேபமே விழுந்துவிடும். இதற்கிடையில் ஆட்சேபத்தைத் தேர்தல் ஆணையம் விசாரிக்கும்போது மலாயில் பேச ஆளில்லை, நீங்களே பேசுங்கண்ணே என்கிறான் சிவநேசன். தேர்தலில் நிற்பவர்களுக்கு வேண்டியவர்கள் கோடு போடக் கூடாது, போடுகிறவர்களுக்கு எந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போட்டது என்றே தெரியக் கூடாது, இதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்.

நீ இதைப் பற்றி வாட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ ஒரு வரிகூடப் போடாதே. அம்மாவுக்கு அடிக்கடி போன் செய், லைசென்ஸ் பேச்சை மட்டும் எடுக்காதே. மாதாவின் துணை உனக்கு எப்போதும் இருக்கட்டும், மகளே.

சிவநேசனிடம் பேசி முடித்தது இது: விசாரணையில் நான் பேசுவேன், எந்தக் கட்சியின் பெயரும் என் வாயில் வராது. ஸ்டால் போனால் அவன் டயர் கடை வாசலில் வாடகையில்லாமல் கருவாடு பரப்பிக்கொள்வேன், நாற்றத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

உன் அப்பா,
ரஃபேல்
பாடாங் மேஹா