சீரியஸ் என்று சொல்லத் தெரியாதவருக்கு

உங்கள் மகன் வேண்டாமென்று விட்டுப்போன பையைக் காப்பகத்தில் என்னிடம் தள்ளிவிட்டார்கள். திறந்தால் ஆரஞ்சுப்பூ சென்ட் கவிழ்ந்து துணியெல்லாம் நனைந்து கிடக்கிறது. அடியில் நான் கொடுத்த முட்டிவலித் தைலம், சீல்கூட உடைக்காமல். செத்தும் என்னை விடமாட்டீர்களா, சென்யோரா?

எங்கள் கோயில் ஆட்கள் லீவு நாளில் ஒரு வில்லாவில் நடக்கிற அந்த முதியோர் காப்பகத்துக்கு உதவப் போவோம். எனக்கு வாய்த்தது நீங்கள். மகன் உங்களை ஸ்பெயினிலிருந்து துபாய்க்குக் கூட்டிவந்து அங்கே சேர்த்துவிட்டு, வேலை என்று ரியாத்துக்குப் போய்விட்டார். உங்களுக்கு இங்கிலீஷ் வராது. அதனால் டியூட்டிக்குப் போகிற பஸ்ஸில் போனை வைத்து நான் ஸ்பானிஷ் படித்தேன். தலை வாரும்போது சீப்பு சிக்கினால் "ப்ரூத்தா" என்பீர்கள். முரட்டு மாடு என்று அர்த்தம். இத்தனை வருஷம் நர்ஸாக இருக்கிறவளுக்கு வாரா வாரம் கிடைத்த நன்றி அதுதான்.

ஒருநாள் ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். "அம்மைக்கி சீரியஸு. லீவு போட்டுட்டு ஒடனே வா." ரூமில் இருந்தவர்கள் ஓடி ஓடிப் பெட்டி கட்டினார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடல் தாண்டி இருக்கிறவர்களுக்குச் சாவை அப்படித்தான் சொல்வது எங்கள் வழக்கம். மற்றவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் என் அம்மை என்றதும் நம்பினேன். அவள் முட்டிவலிக்குத் தைலம்கூட வாங்கினேன்.

ஏர்போர்ட் போகிற வழியில் உங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தேன். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "இல்லை. செத்துவிட்டாள். காய்ச்சலுக்கு யாரும் கடல் தாண்டிக் கூப்பிடமாட்டார்கள். அந்தத் தைலத்தை இங்கே கொடு. எனக்கும் முட்டி வலிக்கிறது."

நாசமாய்ப் போங்கள் என்று தமிழில் கத்தி, புட்டியைக் கட்டிலில் வீசிவிட்டுப் போனேன்.

வீட்டு வாசலில் அண்ணன் தோளைப் பிடித்தான். "பிள்ளே, மனசத் தேத்திக்கிட்டு கேளு..."

"எப்பம் எடுக்கப் போறிய?" என்றேன்.

"ஒனக்கு ஆரு சொன்னா?"

ஃப்ளைட்டிலேயே அழுது தீர்த்திருந்தேன். அம்மையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரத் திராணி இருந்தது. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஊர் போய்ச் சேரும்வரையாவது என் அம்மை உயிரோடு இருந்திருப்பாள். அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

போன வாரம் நீங்கள் போய்ச்சேர்ந்தீர்கள். காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற நாகர்கோவில் அக்கா போனை என் கையில் திணித்தார். "மகன்கிட்ட அவிய பாஷையில நீயே சொல்லு மக்ளே. சீரியஸுன்னு மட்டும் சொல்லு. பாவம், வந்து சேரட்டும்."

அப்படிச் சொல்லத்தான் எனக்கும் வாய் வந்தது. சொன்னால் அந்த மனிதரும் என்னைப்போல உங்களுக்கு என்ன வாங்கலாம் என்று ஏதோ ஒரு கடையில் நிற்பார் என்று தோன்றியது.

"உங்கள் அம்மா செத்துவிட்டார்" என்றேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். போனில் அழுகைக்கு நடுவே உங்கள் மகன் என்னை "ப்ரூத்தா" என்றார்.

"ஆமாம்" என்றேன், உங்கள் பாஷையில்.