அங்கேயே இன்னும் ஆறு மாதம்

அன்புள்ள என் கடைக்குட்டிக்கு,

நான் நலம். இதை மரியாதைக்காக எழுதவில்லை, உண்மையாகவே நலம். நான் சாப்பிடாமல் படுத்த படுக்கையாகக் கிடப்பதாக உன் அண்ணி உனக்குச் சொன்னாளாமே. வேளா வேளைக்குச் சாப்பிட்டேன். படுத்தது மதியத் தூக்கத்துக்கு. உனக்குப் பதிலாக இங்கே வந்து நம் வீட்டில் தங்கிப் படிக்கும் பெண்ணை நான் திட்டி விரட்டிவிட்டதாகவும் ஒரு பேச்சு. அவள் இதோ சமையலறையில் நின்று, துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருக்கிறாள், நான் சொல்லித்தான். ஒன்று மட்டும் நிஜம். ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனது சிக்னல் கோளாறு என்று உன் அண்ணன் சமாளித்தானாம், அவனை யார் கேட்டார்கள். நான்தான் வைத்தேன். நீ எப்படி இருக்கிறாய், சளி விட்டதா, அந்தக் குளிரில் ஈரத் தலையோடு வகுப்புக்கு ஓடுகிறாயாமே, இங்கே என்றால் விட்டிருப்பேனா.

ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன். "ம்மா, இன்னும் ஆறு மாசம் இங்கயே படிக்கிறியான்னு காலேஜ்ல கேக்கறாங்க" என்று ஆரம்பித்தாய். நான் மூச்சு விடுவதற்குள் "உனக்கு இஷ்டமில்லன்னா வந்துடறேம்மா" என்று நீயே முடித்தும்விட்டாய். அதே நேரம் பின்னாலிருந்து அந்த வீட்டு அம்மா உன்னை ஏதோ செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட, நீ அவர்கள் பாஷையில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். அவள் பெண் நம் வீட்டிலும் நீ அவர்கள் வீட்டிலுமாக ஒரு பருவம் மாறி இருந்து படிக்கலாம் என்று கல்லூரியில் சொன்னபோது சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஆனால் செல்லப் பெயர் பற்றி அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது, வைத்துவிட்டேன்.

மறுநாள் இந்தப் பெண்ணுக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுக்கலாம் என்று நம் தையல்காரரிடம் போனோம். அவர் அவளைப் பார்த்து, "கை எவ்வளவு நீளம் வைக்கணும்மா?" என்றார். முழங்கை மறைய வேண்டும், கழுத்து ஏறி இருக்க வேண்டும், உடம்பைப் பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவள் என் தோளில் கை வைத்து, "அம்மா, அவர் என்னைக் கேட்டார்" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில், கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தையல்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க பொண்ணு பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கற காலத்துல இருந்து இங்க வருது. அதோட குரல் எப்படி இருக்கும்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாதும்மா" என்றார். ஊசியைப் பார்த்து நூலைக் கோர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் தைக்கச் சொன்னது அரைக் கை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்கு நன்றாகப் பொருந்தியிருக்கிறது, அது வேறு விஷயம்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு உன் மாடிப்படி ஞாபகம்தான். அங்கே வகுப்புக்காக நீ வரைந்த கட்டடத்தில் படி ரொம்பச் செங்குத்து என்று பேராசிரியர் வகுப்பு முன்னால் குறை சொன்னதும், நீ எழுந்து நின்று, "இந்த இடத்துக்கு இதைவிடச் சாய்வா வராது சார், நான் நேர்ல போய் அளந்தேன்" என்று சொன்னாயாம், அவரும் கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டாராம். நீ அதைச் சொன்ன அன்று, பெரியவரிடம் குரலை உயர்த்தினாயா என்றுதான் நான் கேட்டேன். ஆனால் அதை யாரிடமெல்லாம் சொன்னேன் தெரியுமா. கீழ்வீட்டு நர்ஸிடம் சொன்னேன், அவள் மாமியாரிடம் தனியாகச் சொன்னேன். பல் டாக்டர் என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டிருந்தபோதுகூடச் சொன்னேன். "அப்புறமா சொல்லுங்கம்மா" என்று அவர் கெஞ்சினார், நான் நிறுத்தவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் நீ எழுந்திருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மா தனியாகிவிடுவாள், கிளம்பி வா என்று உன் அண்ணன் இந்நேரம் உனக்குச் சொல்லியிருப்பான். மாதக் கடைசியில் இந்தப் பெண் போய்விடுவாள், உன் அறை காலியாகிவிடும், அது உண்மைதான். அந்த அறையைத் தாண்டிப் போகும்போது எனக்கு எப்படி இருக்கும் என்பது என் பாடு. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டை யார் நடத்தினார்கள் என்று அண்ணனையே கேள். என் முழங்கால் வலிக்காக நீ வர வேண்டாம், எனக்கு ரோஷம் வந்துவிட்டதே என்று அங்கேயே இருக்கவும் வேண்டாம். நீ வந்தால் சந்தோஷப்படுவேன், அதை மறைக்கவில்லை. அங்கே இருந்தாலும் சந்தோஷப்படுவேன், கொஞ்சம் தாமதமாக. தன் மகள் திரும்பி வந்தாலும் உனக்கு வீட்டில் இடம் உண்டு என்று அந்த அம்மா சொன்னாளாம். நல்ல மனுஷி. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன். அவளுக்கு என் வணக்கத்தைச் சொல். அவள் பெண் இங்கே இளைக்கவில்லை என்றும் சொல்.

தலையை நன்றாகத் துவட்டிவிட்டு வெளியே போ. பேராசிரியரிடம் தாராளமாக மறுத்துப் பேசு, சார் போட்டுப் பேசு. நல்ல ஆரோக்கியமும் தெளிந்த புத்தியும் எப்போதும் உன் கூடவே இருக்கட்டும். கல்லூரிக்குப் பதில் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது என்று இந்தப் பெண் சொல்கிறாள், அதனால் அவசரப்பட்டு போன் செய்யாதே. போனில் என் மூச்சை வைத்தே நீ பேச்சை மாற்றிவிடுவாய். என்னிடம் உத்தரவும் கேட்காதே. யாரையும் கலக்காமல், நீ என்ன முடிவு செய்திருக்கிறாய் என்பதை உன் கைப்பட எழுதி எனக்குத் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா