கட்டை விரலுக்கு என்ன அர்த்தம், வசந்தா?

என் வசந்தாவுக்கு,

உன்னை நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டுமா, தெரியவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கொஞ்சம் குழம்பிப்போய் இருக்கிறேன், அவ்வளவுதான்.

நீ இருந்தவரை, நம் கவிதா பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதையெல்லாம் நீதான் எனக்குப் படித்துச் சொல்வாய். மன்னார்புரத்தில் டயர் கடையைப் பூட்டிக்கொண்டு திருவானைக்காவல் வீட்டுக்கு நான் வந்ததும், தட்டில் இட்லியை வைத்தபடியே ஆரம்பிப்பாய். "அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குன்னு கேக்குறா. மழையில வண்டி ஓட்ட வேணாம்னு சொல்லச் சொன்னா." நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். போனை வாங்கிப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

நீ போனபிறகு அவள் எனக்கே அனுப்புகிறாள். 'ம்'. 'ஓகேப்பா'. சில நாள் அதுகூட இல்லை, ஏதோ ஒரு பொம்மை முகம். நீ படித்துக் காட்டிய மகளா இவள்? அம்மாவோடு அப்பாமேல் இருந்த ஒட்டுதலும் போய்விட்டதோ?

போன மாதம் உன் முதல் வருஷத் திதியைப் பற்றி அவளுக்கு எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் ஐயரிடம் சொல்லி வைத்தது, உனக்குப் பிடித்த வாழைப்பூ வடை, உன் சேலைகளை என்ன செய்வது என்பது, எல்லாம் எழுதினேன். பீரோவைத் திறக்கவே முடியவில்லை என்றும் எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டை விரல் வந்தது. மஞ்சளாக, தூக்கிப் பிடித்தபடி.

டீக்கடையில் விசாரித்தேன். சம்மதம் என்றார் ஒருவர். இதோடு பேச்சை முடித்துக்கொள் என்று அர்த்தம் என்றார் இன்னொருவர். எதை நம்புவது? வீட்டுக்கு வந்து, 'நல்லது.' என்று மட்டும் பதில் போட்டேன்.

மறுநாள் காலையில் கவிதா வாசலில் நிற்கிறாள். பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எம்மேல என்னப்பா கோபம்?"

கோபமெல்லாம் இல்லையே என்றேன்.

"பின்ன ஏன் புள்ளி வச்சீங்க?"

வாக்கியம் முடிந்தால் வேறென்ன வைப்பது, வசந்தா? இவர்களிடம் ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அர்த்தமாம். என் செய்தி வந்தபோது அவள் மீட்டிங்கில் இருந்திருக்கிறாள். பீரோ என்று படித்ததும் அழுகை வந்துவிட்டதாம். யாரும் பார்ப்பதற்குள் கையில் கிடைத்த விரலைப் போட்டாளாம். அவள் அழுதது எனக்குக் கட்டை விரலாக வந்து சேர்ந்திருக்கிறது. இதை நான் எங்கே போய்ப் படித்துக்கொள்வது?

காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு மட்டும் விவரமாக எழுதுவாயே, எனக்கு ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். அவள் விழித்தாள்.

"நான் எப்பப்பா அப்படி எழுதினேன்? 'அப்பா?'ன்னு ஒரு வார்த்தை போடுவேன். அம்மாவுக்கு அது போதும்."

அப்படியானால் முட்டிவலியை விசாரித்தது யார்? மழையில் வண்டி வேண்டாம் என்றது அவளா, நீயா? அவளிடமே கேட்டேன்.

"தெரியலப்பா. நான் நெனச்சதைத்தான் அம்மா சொல்லியிருக்காங்க."

திதி முடியும்வரை இருந்தாள். அம்மா மண்டபத்துப் படியில் வழுக்கி விழுந்துவிடுவேன் என்று என் கையை விடவே இல்லை. பீரோவையும் அவள்தான் திறந்தாள்.

நேற்று மறுபடி ஒரு 'ம்' வந்தது. எதற்கென்று புரியாமல் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றாள். நான் போனை வைக்காமல் இருந்தேன். சற்றுப் பொறுத்து, உன் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனதாகச் சொல்லி அழுதாள். ஒரு 'ம்'முக்குள் இது இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு எப்படித் தெரிந்தது?

எனக்கு அது வராது, வசந்தா. ஆனால் அவள் எதை அனுப்பினாலும் கூப்பிட்டுக் கேட்பேன். ஒன்றுமில்லை என்று அவள் சொன்னாலும் உடனே வைத்துவிட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ கூப்பிட்ட பெயரிலேயே,
கவிதா அப்பா