கொப்பரைக் கண்ணும் புன்னைப் பருப்பும்

ஜூன் 4, சவுசவு

பாயில் காயப்போட்ட புன்னைக்கொட்டைகளை உடைத்துப் பருப்பைத் தரம் பிரித்தேன். கொப்பரை ஆலையில் வருஷக்கணக்காகத் தரம் பார்த்த கண்ணல்லவா! வெள்ளை வெளேரென்று இருந்ததெல்லாம் முதல் தரம். பழுப்பேறிப் பிசுபிசுத்ததைக் கூடையில் தள்ளி, எறிந்துவிடும்படி நாத்தனார் சலசெய்னியிடம் கொடுத்தேன். எந்த வேலையையும் நாளைக்குத் தள்ளுவதில் அவளை மிஞ்ச இந்தத் தீவில் ஆளில்லை.

ஆலை மூடியாயிற்று. இந்தப் பருப்பெண்ணெயில் நான் செய்யப்போகும் முகக் க்ரீமை ஹோட்டல்காரர்கள் எடுத்துக்கொண்டால் பிழைத்தேன். இல்லையென்றால் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கப்பலேறி, சுவா நகரத்தில் அக்கா வீடு, தையல் ஆலை வேலை.

ஜூன் 9

பருப்பை இடித்துப் பிழிந்தால் மாவுதான் வந்தது. எண்ணெய் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் ஊற்றி ஒப்பேற்றினேன். புட்டியில் 'முகம் பொலிய புன்னைக் க்ரீம்' என்று எழுதி, என் படத்தையும் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் இலைதியா பார்த்துவிட்டு, "படத்த எடுத்துடு, வாங்க வர்றவங்க பயந்துடுவாங்க" என்றார்.

ஜூன் 10, ஞாயிறு

பூசிக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். பொலிவுதான்! ஈ உட்கார்ந்தால் வழுக்கும்.

ஜூன் 14

ஹோட்டலில் மசாஜ் அறையைக் கவனிக்கும் வாசிதி மணிக்கட்டில் தடவினாள், முகர்ந்தாள், மறுபடி முகர்ந்தாள். மரியாதை தெரிந்த பெண். மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இது தேங்காயெண்ணெய்தானே? எங்க சமையக்கட்டுலயே டின் டின்னா இருக்கே."

ஜூன் 15

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 2

அடுத்த திங்கள் கப்பல். பெட்டி கட்டியாயிற்று. சின்னவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்கிறாள். எனக்கு எதுக்கு இந்த க்ரீம், பவுடர் எல்லாம்? ஒழுங்கா மரவள்ளி நட்டுக்கிட்டு இருந்திருக்கலாம்ல — அழுகையாக வருகிறது.

ஜூலை 5

பன்றிக்குத் தீனி வைக்கப் போனால், கொட்டகைத் தகரத்தின் மேல் என் கழிசல் பருப்பு! வெயிலில் கறுத்துக் கிடக்கிறது. எறியச் சொல்லி ஒரு மாதமாகிறது. சலசெய்னியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"நாளைக்கு எறியலாம்னு இருந்தேன் மதினி."

ஆத்திரத்தில் ஒரு பிடி அள்ளினேன். விரலிடுக்கெல்லாம் பச்சை எண்ணெய். அப்படியே நின்றுவிட்டேன். கொப்பரைக்குத்தான் வெள்ளை நல்லது. புன்னைப் பருப்பு கறுத்தால்தான் எண்ணெய் விடுகிறது. சரக்கை எறியச் சொல்லிவிட்டு, சக்கையைப் புட்டியில் அடைத்து அதன்மேல் என் மூஞ்சியையும் ஒட்டிய பெரிய மனுஷி நான்.

சலசெய்னி விடுவாளா?

"நீங்க சுறுசுறுப்பு, நான் சோம்பேறி. யார் கைப்பருப்புல எண்ணெய் வந்துச்சு மதினி?"

உண்மையில், கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை, அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஜூலை 7

கறுத்த பருப்பைப் பிழிந்து நிரப்பிய புதுப் புட்டியோடு ஹோட்டலுக்குப் போனேன், படம் ஒட்டாமல். வாசிதி தடவினாள். தோல் குடித்துவிட்டது. "இதுல இன்னும் எவ்வளவு இருக்குக்கா?" என்றாள்.

ஜூலை 9, திங்கள்

காலையில் கப்பல் ஊதிவிட்டுப் போனது. நான் கரையோரம் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூடையெல்லாம் நிறைந்துவிட்டதால் மீதியைப் பெட்டியில் கொட்டினேன். மூட முடியவில்லை. சின்னவளைக் கூப்பிட்டு, மேலே ஏறி உட்காரச் சொன்னேன்.