கார் இல்லாத வீட்டுக்கு ஒரு மஞ்சள் கோடு

அனுப்புநர்:
திருமதி தனபாக்கியம் வீரசிங்கம்,
எண் 38, லோரோங் மெலாத்தி 4,
தாமான் செரி புலாய்,
பண்டார் கெனாங்கா.

பெறுநர்:
மதிப்புமிகு திரு. நவநீதன் அவர்கள்,
நகராண்மைக் கழக உறுப்பினர்,
பண்டார் கெனாங்கா.

பொருள்: எங்கள் வீட்டு வாசலை மறித்து மற்றவர் கார்கள் நிறுத்தப்படுவதைத் தடுக்க மஞ்சள் கோடு போட்டுத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தைப்பூசப் பந்தலில் தாங்கள் பேசியபோது, குறை இருந்தால் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

1. என் கணவர் திரு. வீரசிங்கம் லோரி ஓட்டுநராக இருந்தவர். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகள் ஜொகூரில் இருக்கிறாள். ஓட்ட ஆளில்லாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விற்றுவிட்டோம். அன்று முதல் எங்கள் வீட்டு வாசல் தாமான் குடியிருப்புக்கே பொதுச் சொத்தாகிவிட்டது.

2. எங்கள் லோரோங் சந்தில் வீட்டுக்கு மூன்று கார், நான்கு கார். வாசலுக்கு முன்னால் கால்வாய் ஓடுகிறது. அதன் மேல் உள்ள சிமெண்டுப் பலகைதான் நாங்கள் ரோட்டுக்கு இறங்க ஒரே வழி. அதை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டால் நான் பக்கவாட்டில் ஒடுங்கி வெளியேறலாம், சக்கர நாற்காலி வெளியேறாது. பக்கத்து வீட்டு ஹோன் குடும்பத்தார் கெட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழம் தராமல் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் மகனிடம் வாசலைப் பற்றிக் கேட்டபோது, "ஒங்க வூட்டு முன்னால எடம் சும்மாதானே ஆண்டி கெடக்கு" என்றான். கார் இல்லாத வீட்டில் ஆள் இருப்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

3. மறித்து நிறுத்துகிறவர்கள் கியரை விடுவித்து, கைத்தடையைப் போடாமல் போவது நம் ஊர் வழக்கம், தேவைப்படுகிறவர் தள்ளிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் சமாளித்தேன். இந்தத் தாமானில் கார் வைத்திருப்பவர்களைவிட அதிகமாகக் கார் தள்ளியவள் நான்தான். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "நேரா புடி, நேரா புடி" என்று லோரியைப் பின்னுக்கு எடுப்பதுபோல எனக்கு வழி சொல்வார். அறுபது வயதுக்கு மேல் இது என்ன தலையெழுத்து என்று அழுகையும் வரும், சிரிப்பும் வரும். சீனப் பெருநாளுக்கு ஹோன் மகன் புதுக் கார் வாங்கினான். அது கைத்தடை தானாகவே பூட்டிக்கொள்ளும் ரகமாம். ஆனை வந்து தள்ளினாலும் அசையாது.

4. இவருக்கு உடற்பயிற்சி சிகிச்சை ஒரு சேவைச் சங்கத்தில் இலவசமாக நடக்கிறது. செவ்வாயும் வியாழனும் காலையில் அவர்களே வேன் அனுப்புகிறார்கள். நம் ஊர் பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏறாது. பஸ் வந்தால்தானே ஏறாததைப் பற்றிப் பேச வேண்டும். வாடகைக் கார்க்காரர்கள் நாற்காலியைப் பார்த்ததும் ஆளை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆக அந்த வேன் ஒன்றுதான் எங்களுக்குக் கதி. சென்ற செவ்வாயன்று வேன் வந்தபோது புதுக் கார் வாசலை அடைத்து நின்றது. கண்ணாடியில் எழுதி வைத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. கதவைத் தட்டினேன், வீட்டில் யாருமில்லை. வேன் ஓட்டுநர் அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று சாயந்திரம் ஹோன் மகனிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். வியாழக்கிழமை அவன் நிறுத்தவில்லை, யாரோ முன்பின் தெரியாதவர் நிறுத்தியிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

5. தொடர்ந்து மூன்று முறை வராதவரின் இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது சங்கத்தின் விதி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவர் இப்போதுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியிருக்கிறார். இடம் போனால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

6. இன்று காலை பஸ் ஏறி, நடைபாதை இல்லாத பெரிய ரோட்டோரமாக நடந்து, தங்கள் கழக அலுவலக முகப்புக்குப் போனேன். வாசலில் மஞ்சள் கோடு போட விண்ணப்பத்துடன் வீட்டுக் காரின் பதிவு நகலையும் இணைக்க வேண்டுமாம். எங்களிடம் கார் இல்லை என்றேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: "காடி இல்லாத வூட்டுக்கு எதுக்கு ஆண்டி கோடு? எது வெளிய வரப் போவுது?" என் வீட்டுக்காரர் வருவார் என்றேன். அதற்கு விண்ணப்பத்தில் இடமில்லை என்று அவளும் வருத்தப்பட்டாள். காரை விற்றதும் என் கணவரையும் சேர்த்து விற்றுவிட்டேனா என்ன? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவளிடம் காட்டி என்ன பயன் என்று திரும்பிவிட்டேன்.

7. ஐயா, இது செய்ய முடியாத காரியம் இல்லை என்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்களோடு இருந்த என் கணவரின் அண்ணன் மார்ச் மாதம் காலமானார். யாரும் கேட்காமலே, விடிவதற்குள் லோரோங் முழுவதும் காலியாக இருந்தது. ஹோன் மகன் முனையில் நின்று, வந்த கார்களையெல்லாம் திருப்பி அனுப்பினான். அமரர் ஊர்தி எங்கள் பலகை வரைக்கும் தடையில்லாமல் வந்தது. நேற்று வேன் திரும்பிப் போனபின் என் முகத்தைப் பார்த்துவிட்டு இவர் சொன்னார்: "வுடு புள்ள. கடைசியா ஒரு நாளைக்கு எனக்கும் வழி வுடுவாங்க."

8. அந்த வழியை அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்கிறேன். கார்ப் பதிவு நகல் இல்லாமலே எங்கள் வாசலில் கோடு போட உத்தரவிடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாராவது ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். வேன் அந்த நேரத்துக்குத்தான் வரும். இவர் எட்டு மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
வீ. தனபாக்கியம்

இடம்: பண்டார் கெனாங்கா
நாள்: 10.5.2024, வெள்ளிக்கிழமை