யாரும் அடிக்காத அழைப்பு மணி

டீச்சரம்மா,

உன்னை எழுப்ப மனசு வரவில்லை. முதல் பஸ்ஸில் சிட்டிக்குப் போகிறேன். கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டேன். பத்து மணிக்கு மோட்டார் ரிப்பேர்காரர் வருவார். இங்கே எல்லோரையும் போல அவரும் வேலியிலிருந்தே கூப்பிடுவார், மணி அடிக்கமாட்டார்.

நேற்று வாசல் மணி கேட்டு மண்வெட்டியோடு ஓடிவந்தேன். "யாரும் வரல, நான்தான் அடிச்சேன். இந்தச் சத்தம் கேட்டு ஆறு மாசமாச்சு" என்றாய். "பைத்தியமா உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அப்போதிலிருந்து நெஞ்சு உறுத்துகிறது. நிம்மதி நிம்மதி என்று சிட்டியிலிருந்து உன்னை இந்தத் தோட்டத்துக்கு இழுத்து வந்தவன் நான். அது எனக்கு மட்டும்தான் கிடைத்தது.

பழைய வீட்டுக்காரரிடம் நாம் குடியிருந்த மாடி காலியா என்று கேட்டு வருகிறேன்.

பி.கு: சாயங்காலம் கதவு திறந்திருந்தாலும் மணி அடித்துவிட்டுத்தான் வருவேன். நீ "யாரு?" என்று கேள்.