ஒரே தகட்டுக்கு இரண்டு பேர்

யாரையும் லேசில் நம்பாத என் அருமை அப்பா,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் நல்லம்பள்ளியை விட்டுக் கிளம்பிவிட்டது. போகிற போக்கில் சித்தப்பா ஒன்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன்.

பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றீர்களே, நினைவிருக்கிறதா? இருட்டறையில் வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு மைக்ராஸ்கோப். உங்கள் முகமே சரியில்லை. பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பிய கண்ணாடித் தகடு இது, அணுவைவிடச் சின்னத் துகள் பாய்ந்த தடம் இதில் பதிந்திருக்கும், அதைத் தேடுவதுதான் வேலை என்றேன். நீங்களே குனிந்து பார்த்தீர்கள். ஒரு கோடு வந்து நின்றது. நின்ற இடத்திலிருந்து இன்னொன்று கிளம்பியிருந்தது.

“ஏங் கண்ணு, இது ஆராச்சும் கீறி வெச்சதில்லைன்னு எப்படி நம்பறது?”

எங்கள் மேலதிகாரி சிரிக்கவில்லை. தாங்களும் அப்படித்தான் சந்தேகப்படுவதாகச் சொன்னார். ஒரே தகட்டை இரண்டு பெண்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள், ஒருத்தி கண்டதை மற்றவளிடம் சொல்லக்கூடாது, இருவரும் ஒன்றையே கண்டால்தான் நம்புவோம் என்றார்.

உங்கள் முகம் தெளிந்தது. சந்தையில் மாடு வாங்குமுன் இரண்டு ஆட்களைத் தனித்தனியாக அனுப்பிச் சுழி பார்க்கச் சொல்பவர்தானே நீங்கள். “இவங்களும் ஆரையும் நம்ப மாட்டாங்க போல. இருக்கட்டும் கண்ணு, வேலையைப் பாரு” என்று ரயிலேறினீர்கள். என்னை நம்பிவிட்டீர்கள் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

சித்தப்பா சொன்னது இதுதான். அதற்கப்புறம் அவரைப் பெங்களூருக்கு அனுப்பினீர்களாம். நான் யாரோடு பேசுகிறேன், எப்போது விடுதிக்குத் திரும்புகிறேன் என்று மறைந்திருந்து பார்க்க. பக்கத்தில் இருந்த கடத்தூர் மாமா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னையுந்தான் அனுப்புனாருங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டாரு” என்றார் சித்தப்பாவிடம்.

இருவரும் ஒரே சேதியைத்தான் கொண்டுவந்து சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் என் வேலை நிலைத்ததா? ஒருவர் மாற்றிச் சொல்லியிருந்தால்? நான் என்ன சந்தை மாடா அப்பா?

இப்போது தங்கைக்கு மெட்ராஸில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பு, ஆனால் பின்னாலேயே யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல் என்கிறாள் அம்மா. எனக்கும் அந்த எண்ணம் வரத்தான் செய்கிறது. உங்கள் மகள்தானே நானும்.

ஆனாலும் யாரையும் அனுப்ப மாட்டேன் அப்பா, இது சத்தியம். மனசு கேட்காவிட்டால் நானே ரயிலேறுவேன். அதற்கு முதல் நாளே, அக்கா வருகிறேன் என்று அவளுக்குத் தந்தி கொடுத்துவிடுவேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மூத்த மகள்